அறை எண் பன்னிரண்டு – அத்தியாயம் 9: காலி நாற்காலிக்கு ஓர் அழைப்பு

ஒருவரைப் பற்றியே பத்துப் பேர் கூடி மணிக்கணக்கில் பேசுவதும், அவரிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் கலைந்து போவதும் இரண்டு இடங்களில் நடக்கும். ஒன்று, சவ அடக்கம். மற்றது, டாக்டர் கர்டிஸ் கிவேலாவின் செவ்வாய்க்கிழமை வகுப்பு. சவ அடக்கத்திலாவது சம்பந்தப்பட்டவர் கூடத்துக்குள் இருப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு டானெட் கிவேலா தன் சமையலறையில் ரொட்டித் துண்டின் மேல் வெண்ணெயைத் தடவவில்லை, அறைந்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அமெரிக்காவின் துலூத் நகரத்துச் சரிவு முழுவதும் நவம்பர் மாதத்து ஐஸ். கீழே ஏரி, ஈயத் தகடு போல.

டானெட்டுக்கு ஐம்பது வயது. நடுநிலைப் பள்ளி ஒன்றில் இருபத்தொரு வருடமாக வகுப்பு உதவியாளர். உதவியாளர் என்றால் ஆசிரியை செய்கிற எல்லாவற்றையும் செய்துவிட்டு, ஆசிரியைக்குக் கிடைக்கிற நாற்காலி மட்டும் கிடைக்காதவர் என்று பொருள். இப்போது அந்த நாற்காலி கிடைக்கும் போல் இருந்தது. பள்ளியின் அறை எண் பன்னிரண்டின் ஆசிரியை ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். முதல்வர் ஷெரில் அந்த இடத்தை டானெட்டுக்காகப் பிடித்து வைத்திருந்தார், உரிமம் கையில் வந்தால் என்ற நிபந்தனையோடு. உரிமத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பாடம்: 'மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கற்பித்தல்'. ஏரிக்கரைப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தை முப்பது வருடமாகத் தன் சொந்தத் தோட்டம் போல் வைத்திருப்பவர் டாக்டர் கர்டிஸ் கிவேலா. டானெட்டின் கணவனுக்கு உடன்பிறந்த அண்ணன்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் பாடத்தொகுப்பின் நாற்பத்தோராம் பக்கத்தை அவள் புரட்டினாள். அங்கே 'மாணவி கே' என்று ஒருத்தி. ஒன்பது வயது, பெருமூளை வாதம், சக்கர நாற்காலி, வாய்ப்பேச்சு இல்லை. ஆரஞ்சு நிறச் சாக்ஸ் தவிர வேறு எதையும் காலில் ஏற்க மறுப்பவள். ஊரில் அப்படி ஒருத்திதான் உண்டு. அந்த நேரம் அவள் டானெட்டின் வீட்டுக் கூடத்தில் ஹாக்கி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மகளின் பள்ளி ஃபைலை டானெட்தான் கர்டிஸிடம் கொடுத்திருந்தாள். 'ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்களேன்' என்று. அவரும் பார்த்தார். ஒன்பது வருடமாக, வருடத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு இருபத்திரண்டு பேரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வகுப்புல மாதிரிக் கூட்டம், மாணவி கேக்குப் படிப்புத் திட்டம் போடணும்," என்றாள் டானெட். "நாந்தான் நடத்தணும். முப்பது மார்க். அந்த நாற்பத்தோராம் பக்கம் வரட்டும், எல்லார் முன்னாலயும் அவர் மானத்தை வாங்கிடறேன்."

மேஜையின் மறுபக்கம் அன்னிகா தன் பேச்சுக் கருவியில் வலது கை முட்டியால் தட்ட ஆரம்பித்தாள். போன மாதம் பதினெட்டு முடிந்தவள். பள்ளி ஹாக்கி அணிக்குப் புள்ளிவிவரம் எழுதுகிறவள்; அவள் கணக்குக்குப் பயந்து பயிற்சியாளரே ஒரு கோல்காப்பாளனை மாற்றியிருக்கிறார். கருவிக்குள் நாற்பது குரல்கள் இருந்தன, இளம்பெண் குரல் மட்டுமே ஆறு. அவள் தேர்ந்தெடுத்தது ஸ்காட்லாந்துக் கிழவர் ஒருவரின் குரலை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: "இந்த ஆளை யாரும் செல்லம்னு கூப்பிட மாட்டாங்க."

"எனக்கு..." என்றது கிழவர் குரல்.

"உனக்குப் பயமா இருக்கு, அதானே? பயப்படாத கண்ணு, உன் பேரைச் சொல்லமாட்டேன்."

முட்டி விடாமல் தட்டியது. "எனக்கு இன்னொரு ரொட்டி."

டானெட் ரொட்டியை வைத்தாள். அன்னிகா இன்னும் தட்டினாள். "அது யார் ஃபைல்?"

"உன்னோடதுதான்."

"அப்ப மானத்தை யார் வாங்கணும்?"

அன்னிகா மேஜைமேல் கிடந்த கூட்டப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முட்டி நான்காவது வரிசையில் போய் நின்றது. 'மாணவர் அழைக்கப்பட்டாரா?' என்று அச்சடித்திருந்தது. பக்கத்துக் கட்டத்தில் 'ஆம்' என்று டிக். டானெட்டின் கைதான். ஞாயிற்றுக்கிழமையே போட்டது. இருபத்தொரு வருடத்துப் பழக்கத்தில் மூளையைக் கேட்காமல் கை தானாகப் போட்டுவிட்ட டிக்.

"எனக்கு அழைப்பு வரலையே," என்றார் கிழவர். "தபால்ல தொலைஞ்சுபோச்சா?"

"அது... அது சும்மா மாதிரிக் கூட்டம்டி. நிஜம் இல்ல. மாணவருக்கு ஒரு காலி நாற்காலி போட்டிருப்பாங்க."

"நாற்காலி நான் கொண்டுவர்றேன்."

டானெட் பத்துக் காரணம் சொன்னாள். ஐஸ், பள்ளி, மதியச் சாப்பாடு, பெரியப்பாவின் ரத்த அழுத்தம். அன்னிகாவின் அப்பாவையும் இழுத்தாள்; தன் கணவன் வேய்ன் ஏரியின் மறுகோடியில் சரக்குக் கப்பலில் இருந்தான், குடும்பத்தில் சண்டை என்றால் அவன் போனுக்கு எப்போதுமே சிக்னல் கிடைக்காது. அன்னிகா ரொட்டியைத் தின்று முடித்தாள். கடைசியில் டானெட் சமையல் குறிப்பு எழுதும் அட்டை ஒன்றை எடுத்து, 'அன்புள்ள மாணவி கே அவர்களுக்கு, இன்று மதியம் ஒரு மணிக்கு உங்களைப் பற்றிய கூட்டத்துக்கு உங்களை அழைக்கிறோம்' என்று எழுதி நீட்டினாள். எழுதும்போதே அவளுக்கு அந்த வாக்கியம் அசிங்கமாகப் பட்டது. இத்தனை வருடம் எத்தனை கூட்டங்கள். இந்த வாக்கியத்தை அவள் ஒருமுறை கூட எழுதியதில்லை.

*

டாக்டர் கிவேலா வகுப்புக்கு வருவதில்லை, எழுந்தருளுவார். முன்னால் ஒரு தள்ளுவண்டி வரும். அதில் பதினாறு தடித்த கோப்புகள். பின்னால் அவர் வருவார். கழுத்துப்பட்டியில் சக்கர நாற்காலிப் படம். ஆசிரியர்களுக்குச் சொற்பொழிவாற்ற அவர் போகாத மாநிலம் இல்லை. கடைசியாக ஒரு குழந்தைக்கு அவர் எதையாவது கற்றுக்கொடுத்தது எப்போது என்று கேட்டால் மட்டும் பேச்சு வானிலைக்குத் திரும்பும்.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார். "இன்னைக்கு நீங்க நடத்தப்போறது கூட்டம் இல்லை. ஒரு உயிரோட உரையாடல்."

உயிர் உட்காரவேண்டிய நாற்காலி வட்டத்தின் நடுவில் இருந்தது. முதுகில் 'மாணவி' என்று ஒட்டிய காகிதம். இருபத்திரண்டு பேரும் உள்ளே வந்த வேகத்தில் தங்கள் குளிர்கால கோட்டுகளைக் கழற்றி அதன்மேல் போட்டிருந்தார்கள். காகிதம் கோட்டுகளுக்குள் புதைந்துபோயிருந்தது.

வேடங்கள் பிரிக்கப்பட்டன. பிராடி என்ற இருபது வயதுப் பையன் பள்ளி உளவியலாளர். அதற்காக எங்கிருந்தோ கண்ணாடி ஒன்று கடன் வாங்கி மாட்டியிருந்தான். கெய்லீ என்ற பெண் தாய். அவள் மடியில் டிஷ்யூ பெட்டி இருந்தது.

"அது எதுக்கும்மா?" என்று டானெட் கேட்டாள்.

"நான் மறுப்பு நிலையில இருக்கேன், அதாவது பொண்ணோட நிலைமையை ஏத்துக்காத அம்மா," என்று கெய்லீ பெருமையாகச் சொன்னாள். "குறிப்புல போட்டிருக்கு. 'தாய்: உணர்ச்சிவசப்படுபவர், மகளின் திறனை மிகையாக மதிப்பிடுகிறார்.' ரெண்டு தடவை அழணும்."

டானெட் அந்தத் தாயை ஏற இறங்கப் பார்த்தாள். தாய்க்கு மூக்கில் ஒரு வளையம் இருந்தது. "அழு," என்றாள். "நல்லா அழு. எனக்கும் சேத்து."

அவள் போன் அதிர்ந்தது. அன்னிகாவிடமிருந்து. 'வந்துட்டேன். கீழ நிக்கறேன். லிஃப்ட்ல ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. நீ படிச்சதே இல்லையா?'

டானெட் படித்திருந்தாள். பழுது, சிரமத்துக்கு வருந்துகிறோம், செப்டம்பர் என்று ஏதோ ஒரு தேதி. பத்து வாரமாக அதைத் தாண்டித்தான் இரண்டாம் மாடிக்கு ஏறி வருகிறாள். படி ஏறுவது முழங்காலுக்கு நல்லது என்றுகூட ஒருநாள் நினைத்திருந்தாள். தனியாக வந்தாள், அதனால் உறைக்கவில்லை. அவளுக்கே உறைக்கவில்லை.

அவள் எழுந்தாள். "டாக்டர் கிவேலா, கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாத்தணும்."

"எதுக்கு?"

"மாணவி வந்திருக்கா. மேல வர வழி இல்லை."

வகுப்பு சிரித்தது. டானெட் நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தார்கள். கர்டிஸ் மட்டும் சிரிக்கவில்லை. தம்பி மனைவியின் முகத்தை அவருக்குப் பல வருடமாகத் தெரியும். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிகாவா? டானெட், என்ன பண்ணி வெச்சிருக்க நீ?"

"படிவத்தை நிரப்பியிருக்கேன். வரிசை நாலு. மாணவர் அழைக்கப்பட்டாரா."

"முப்பது வருஷத்துல யாரும் அதை..."

"பத்து மார்க் போட்டிருக்கீங்க அதுக்கு. யாராவது சம்பாதிக்க வேணாமா?"

கர்டிஸ் வகுப்பைப் பார்த்தார். வகுப்பு அவரைப் பார்த்தது. இத்தனை வருடம் இந்த அறையில் அவர் முழங்கியதெல்லாம் சுவர்களில் அழகான எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. 'முதலில் மனிதர்' என்று ஒன்று. 'எல்லோருக்கும் இடம்' என்று இன்னொன்று. அவற்றுக்கு அடியில் நின்றுகொண்டு முடியாது என்று சொல்ல எந்த மனிதனுக்கும் கொஞ்சம் வெட்கம் இருக்கும்.

"நண்பர்களே," என்றார். "கீழ போவோம்."

தள்ளுவண்டி இறங்காது. பதினாறு கோப்புகளில் எதை விடுவது என்று அவருக்கு மனம் வரவில்லை. ஒன்பதை மார்போடு அணைத்துக்கொண்டு, தாடையால் மேலே அழுத்தியபடி படி படியாக இறங்கினார். பிராடி கடன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மீதியைத் தூக்கினான்.

*

கீழ்த்தளத்தில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அன்னிகா அங்கே தன் நாற்காலியோடு நடுவில் நின்றிருந்தாள். மடியில் சமையல் குறிப்பு அட்டை. மற்றவர்கள் தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் உட்கார்ந்தார்கள். இந்தமுறை கோட்டுகளை வைக்க இடமில்லாமல் அவரவர் மடியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

"வணக்கம்," என்றார் ஸ்காட்லாந்துக் கிழவர். "நான்தான் மாணவி கே. பக்கம் நாற்பத்தொண்ணு."

கெய்லீ கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தாள். அன்னிகாவைப் பார்த்தாள். அப்புறம் மெல்ல டானெட்டைப் பார்த்தாள்.

"அப்ப... அந்த அம்மா..."

"நாந்தான்," என்றாள் டானெட்.

கெய்லீ டிஷ்யூ பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அழவேண்டிய இரண்டு முறையில் ஒரு முறையை நிஜமாகவே அழுதுவிடுவாள் போல் இருந்தாள்.

"மன்னிச்சிருங்க. நீங்க நிஜமாவே மறுப்பு நிலையில இருந்தீங்களா?"

அன்னிகா பதிலை முன்பே தட்டி வைத்திருந்தாள் போல, உடனே வந்தது. "இப்பவும் இருக்காங்க. நான் பூசணிக்காய் சாப்பிடுவேன்னு நம்பறாங்க."

முதல் சிரிப்பு பிராடியிடமிருந்து வந்தது. அது மற்றவர்களிடம் பரவியது. கர்டிஸ் கோப்புகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

டானெட் யார் யாருக்கு என்ன வேடம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினாள். முறைப்படி ஃபைலை வாசிக்கவேண்டும். வாசித்தாள். "மாணவி கே, பெரியவர் ஒருவரின் உதவியோடு, பத்து வாய்ப்பில் எட்டு முறை தன் விருப்பத்தைத் தெரிவிப்பாள்."

"எண்ணிக்கோங்க," என்றாள் அன்னிகா, பிராடியிடம். "உளவியலாளர் நீங்கதானே. ஒண்ணு: இந்தக் காபி இயந்திரத்தைக் கொஞ்சம் அணைங்க, இரைச்சல். ரெண்டு: ஃபைல்ல என் சாக்ஸ் பத்தி ஒரு பக்கம் இருக்கு. நான் ஒன்பது வயசுல பெருக்கல் வாய்ப்பாடு முழுசும் போட்டேன். அது ஏன் இல்ல?"

பிராடி அவசரமாக எழுந்து இயந்திரத்தை அணைத்தான். திரும்பி வந்து பேராசிரியரைப் பார்த்தான். பேராசிரியர் எங்கோ பார்த்தார்.

"அது ஏன் இல்லை?" என்று பிராடியே கேட்டான். இப்போது அவன் நடிக்கவில்லை.

"ஏன்னா என்கிட்ட யாரும் கேக்கல. பேச்சு வராதுன்னா கணக்கும் வராதுன்னு எழுதிட்டாங்க."

"அடுத்த வருஷம் என்ன பண்ணணும்னு ஆசைப்படறீங்க?" பிராடி பட்டியலில் இருந்த கேள்வியைத்தான் கேட்டான். ஆனால் டானெட்டிடமோ கெய்லீயிடமோ கேட்கவில்லை, அன்னிகாவின் கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

அன்னிகா தட்ட ஆரம்பித்தாள். பதினைந்து நொடி போயிற்று. முப்பது. இளைஞர்கள் நிறைந்த இடத்தில் முப்பது நொடி மௌனம் என்பது தண்ணீருக்கு அடியில் மூச்சைப் பிடித்திருப்பது மாதிரி. முதலில் மூச்சு விட்டவர் கர்டிஸ்.

"பள்ளிக்குப் பிந்தைய மாற்றத் திட்டமிடலில் நாம் கவனிக்கவேண்டியது என்னவென்றால்..."

முட்டி நின்றது. அன்னிகா பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மறுபடி தட்டினாள்.

நாற்பத்தைந்து நொடி. டானெட்டுக்கு மகளின் நெற்றியில் வியர்வை தெரிந்தது. இத்தனை பேர் முன்னால் பிள்ளை தவிக்கிறாளே என்று அவளால் தாங்க முடியவில்லை. "இவ வீட்டிலேருந்தே பக்கத்துக் கல்லூரிக்குப் போகலாம்னு இருக்கா," என்றாள். "நானும் கூடப் போயிட்டு..."

கருவி பேசியது.

"இங்க சேரணும். இந்தப் பல்கலைக்கழகம். விடுதியில தங்கணும். விண்ணப்பம் போட்டாச்சு." ஒரு இடைவெளி. "அம்மா, என் வாக்கியத்தை முடிச்சு வைக்காத. ப்ளீஸ்."

கிழவர் குரலில் கோபம் ஏறாது, இறங்காது. அதனால் அது இன்னும் நேராகப் போய்த் தைத்தது. கர்டிஸின் மானத்தை வாங்க வந்தவளுக்குத் தன்னுடையதும் கணக்கில் சேரும் என்று தெரிந்திருக்கவில்லை. விண்ணப்பம் போட்டதே தெரியாது. விடுதி என்ற சொல்லே வீட்டில் இதுவரை ஒலித்ததில்லை.

அவள் குனிந்து படிவத்தில் எழுதினாள். எழுதியதை உரக்க வாசித்தாள்: "மாணவியின் விருப்பம்: இந்தப் பல்கலைக்கழகம், விடுதி. இனி அதற்கு என்னென்ன தேவை என்று மாணவியிடமே கேட்போம்."

அதற்குப் பிறகு நடந்த நாற்பது நிமிடத்தில் யாரும் யாரையும் பார்த்துத் தலையாட்டவில்லை. கேட்டார்கள், காத்திருந்தார்கள், எழுதினார்கள். மணி இரண்டரையானதும் பிராடி, "பதினாலு," என்றான்.

"என்னது?"

"விருப்பத்தைப் பதினாலு தடவை தெரிவிச்சாங்க. பெரியவர் உதவி: பூஜ்யம். ரெண்டு தடவை இடைஞ்சல்." கர்டிஸையும் டானெட்டையும் பார்க்காமல் சொல்லும் அளவுக்கு அவனுக்கு நாகரிகம் இருந்தது.

*

வகுப்பு கலைந்தது. அன்னிகா கொஞ்ச தூரத்தில் கெய்லீயோடும் பிராடியோடும் ஹாக்கி பேசிக்கொண்டிருந்தாள். அதாவது, அவர்களுடைய அணி ஏன் தோற்கும் என்று புள்ளிவிவரத்தோடு விளக்கிக்கொண்டிருந்தாள்.

கர்டிஸ் மார்க் தாளை டானெட்டிடம் நீட்டினார். முப்பதுக்கு இருபத்தாறு. 'மாணவரின் குரலுக்கு இடம் கொடுத்தல்' என்ற வரிசையில் நாலு மார்க் குறைந்திருந்தது.

"நியாயம்தான்," என்றாள் டானெட்.

"பாஸாகிட்ட. தாராளமா." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது பேராசிரியர் போல் இல்லை, வயதான ஒரு அண்ணன் போல் இருந்தார். "அந்த ஃபைலை ஏன் எடுத்தேன்னு கேப்ப. அதுல ஓரத்துல நீ பென்சில்ல எழுதியிருந்தியே, 'இவள் சிரிப்பது ஆமாம் என்று அர்த்தம் அல்ல'ன்னு. பல வருஷத்துல நான் படிச்ச ஃபைல்லயே நல்லா இருந்தது அந்த வரிதான். அச்சடிக்கும்போது அதை எடுத்துட்டேன். பார்க்கச் சுத்தமா இருக்கணும்னு." சட்டென்று நிறுத்தினார். "நான் ஒரு முட்டாள்."

"அதை அவகிட்ட சொல்லுங்க, கர்டிஸ்."

"சொல்றேன். ஆனா அதுக்கு முன்னால ஒரு சிக்கல்." அவர் கோப்புகளில் ஒன்றைத் திறந்து ஒரு தாளை உருவினார். "நிஜ மாணவரோட ஃபைலை வகுப்புல பயன்படுத்தினா பருவம் தொடங்கறப்பவே எழுத்துல சம்மதம் வாங்கியிருக்கணும். பல்கலைக்கழகத்து விதி. வாங்கலைன்னா அந்தப் பயிற்சிக்குப் போட்ட மார்க் அத்தனையும் ரத்து. வசந்தத்துல திரும்ப எழுதணும்."

"வசந்தத்துலயா?"

"ஏப்ரல். அறை பன்னிரண்டை ஷெரில் அதுவரைக்கும் உனக்காக வெச்சிருக்க முடியாது."

டானெட் தாளைப் பார்த்தாள். சம்மதக் கடிதம். அச்சடித்த வரிகள், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு.

கர்டிஸ் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் வைத்தார். "அன்னிகாவுக்குப் பதினெட்டு ஆனது அக்டோபர்ல. பருவம் தொடங்கின செப்டம்பர் தேதியைப் போட்டா பெற்றவங்க கையெழுத்தே போதும். உன்னோடது." அவர் முகம் சிவந்திருந்தது. "எனக்காகக் கேக்கல. முழுசா எனக்காக இல்ல. நீ இருபத்தொரு வருஷம் காத்திருக்க."

அதுவும் பொய் இல்லை. டானெட் பேனாவை எடுத்தாள்.

அறை பன்னிரண்டு அவள் கண் முன்னால் வந்தது. தெற்கு ஜன்னல். சுவரோரம் தாழ்வான அலமாரி. கதவில் அவள் பெயர். ஒரு கோடு, ஒரு தேதி. கூடத்தின் அந்தப் பக்கம் நிற்கிறவளுக்குத் தெரியவே தெரியாது. தாய் மகளுக்காகக் கையெழுத்துப் போடுவது புதிதா என்ன? பிறந்ததிலிருந்து ஆயிரம் போட்டிருக்கிறாள். அத்தனையும் அன்பில்தான் போட்டாள்.

பேனா முனை தாளைத் தொட்டது. ஒரு சின்னப் புள்ளி விழுந்தது.

டானெட் பேனாவை மூடினாள். "அன்னிகா," என்று கூப்பிட்டாள். "இங்க வா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

எல்லாவற்றையும் சொன்னாள். தேதியைச் சொன்னாள், ஏப்ரலைச் சொன்னாள், அறை பன்னிரண்டைச் சொன்னாள். தான் பேனாவைத் தாளில் வைத்ததையும் சொன்னாள். "நீ என்ன சொல்ற?"

அன்னிகா தட்டத் தொடங்கினாள். நீளமாகத் தட்டினாள். கர்டிஸின் உதடு ஒருமுறை பிரிந்தது. டானெட் அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தினாள். வெளியே ஒரு பேருந்து நின்று, ஆட்களை ஏற்றி, போயும்விட்டது.

"செப்டம்பர்ல என்னை யாரும் கேக்கல. கேட்டதா எழுதாதீங்க. இன்னைக்குத் தேதி போட்டா சம்மதம் தர்றேன். ஆனா பழைய பக்கம் வேணாம். நாற்பத்தொண்ணை நான் எழுதறேன். ஓரத்துல அம்மா பென்சில்ல எழுதலாம், இடம் விடறேன்."

"வேலை போயிடும்டி," என்றாள் டானெட். கேள்வியாகக் கேட்கவில்லை. சும்மா சொல்லிப் பார்த்தாள், எப்படி இருக்கிறதென்று.

"போகலாம். போகாமலும் இருக்கலாம். ஆனா என் பேர்ல வாங்காத. உன் பேர்ல வாங்கு."

கர்டிஸ் எழுந்தார். கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு அன்னிகாவின் எதிரே போய், அவள் கண் மட்டத்துக்கு ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் போட்டது. "தப்பு பண்ணிட்டேன் அன்னிகா," என்றார். சொற்பொழிவு தொடரும் என்று டானெட் எதிர்பார்த்தாள். தொடரவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

"சரி பெரியப்பா," என்றார் கிழவர். "இப்ப எப்படி எழுந்திருப்பீங்க?"

டானெட் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அவர் எழுந்த கையோடு போனை எடுத்துத் தன் மேலதிகாரியான டீனை அழைத்தார், ஸ்பீக்கரில் போட்டார். ஃபைல் யாருடையது, எத்தனை வருடம், சம்மதம் இல்லை, தவறு தன்னுடையது. நாலே வாக்கியம். முப்பது வருடத்தில் அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

மறுமுனையில் டீனின் குரல்: "கர்டிஸ், என் எதிர்ல ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்க. டானெட் கிவேலாவோட வேலை விஷயமாத்தான் வந்திருக்காங்க. நீங்க சொன்னதை அவங்களும் கேட்டுட்டாங்க."

நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் டானெட்டுக்கு நன்றாகத் தெரிந்த குரல். "டானெட்? ஷெரில் பேசறேன். சம்மதம் வாங்கலைன்னா, இனிமே எழுதற கடிதத்துல என்ன தேதி போடுவீங்க?"

"இன்னைக்குத் தேதிதான். நான் போடல. என் பொண்ணு போடப்போறா."

மறுமுனையில் ஒரு காகிதம் மடிபடும் சத்தம்.

"நாளைக்குக் காலைல ஏழரைக்கு என் அறைக்கு அன்னிகாவை வரச் சொல்லுங்க," என்றார் ஷெரில். "அவங்ககிட்டதான் எனக்கு வேலை இருக்கு. நீங்களும் வேணும்னா கூட வரலாம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. கர்டிஸ் டானெட்டைப் பார்த்தார். டானெட் போனையே பார்த்தாள். அவளுக்கு வேலை தருகிறவர், அவளை விட்டுவிட்டு அவள் மகளிடம் என்ன கேட்கப்போகிறார்?

அன்னிகா அதற்குள் நாளைக் காலை சக்கர நாற்காலி வேனுக்குப் பதிவு செய்ய ஆரம்பித்திருந்தாள். துணைக்கு வருபவர் உண்டா என்ற கேள்விக்கு வந்ததும் முட்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா," என்றாள். "நீ வர்றியா?"